ஏவியோரும் இயற்றியோரும்

பத்தாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக ஒரு தலைப்புக் கொடுத்திருந்தேன்: ‘விடுமுறையில் நான் தங்கிய பழமை வாய்ந்த இல்லம்’. தலைப்பு என் கற்பனையில் உதித்ததன்று. கடைகளில் விற்கும் கட்டுரைத் தொகுப்புகளில் இவ்வாறான தலைப்புகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றின் மாதிரிக் கட்டுரைகளில் வரும் இல்லம் பெரும்பாலும் கடற்கரைக்கு அண்மையில் இருக்கும். சாளரத்தைத் திறந்தால் அலையோசை கேட்கும். பழைய மரக்கட்டில் இருக்கும். அன்பான பணியாளர் ஒருவர் சுடச்சுடத் தேநீர் கொண்டுவருவார்.

முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவற்றில் கடல் இரைந்தது. மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. என் மாணவரிற் பலர் கடலைக் கண்டதில்லை; விடுமுறைக்கென்று எந்த இல்லத்திலும் தங்கியதுமில்லை. கண்டறியாத கடலை அவர்கள் பிழையின்றி எழுதியிருந்தார்கள். நானும் தாராளமாகப் புள்ளிகள் வழங்கினேன்.

ஒரு மாணவி மட்டும் கடலை எழுதவில்லை. தன் தந்தை சமையல் வேலை பார்க்கும் தோட்டத்துப் பழைய பங்களாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். விறகு அடுக்கும் கொட்டகை, வெந்நீர் காயும் பாய்லர், விருந்தினர் வந்தால் கழுவ வேண்டிய பீங்கான்களின் தொகை, தந்தை இரவில் வீடு திரும்பும் நேரம் ஆகியவையே அக்கட்டுரையின் செய்திகள். ‘அந்த வீட்டின் முன்வாசலால் நான் ஒருநாளும் போனதில்லை’ என்று முடித்திருந்தாள். நான் சிவப்பு மையால், ‘தலைப்பிலிருந்து விலகியது, வருணனை போதாது’ என்று எழுதி, இருபதுக்கு எட்டுப் புள்ளிகள் இட்டேன்.

விமரிசனம் என்பது சஞ்சிகைகளில் மட்டும் நடைபெறும் காரியமன்று. ஆசிரியன் சிவப்பு மையால் எழுதும் ஒவ்வொரு வரியும் விமரிசனமே. எது இலக்கியம், எது இலக்கியமாகாது என்ற தீர்ப்பு முதன்முதலில் வகுப்பறையிலேதான் வழங்கப்படுகிறது. அவ்வகையில் நான் இட்ட எட்டுப் புள்ளி எவ்வளவு பிழையான விமரிசனம் என்பதை உணர எனக்குச் சில மாதங்கள் சென்றன. அந்தப் பிழை என்னோடு நின்றுவிடுவதுமன்று. வீட்டை வருணிக்கும் நமது எழுத்து முறையிலேயே அது ஊறிக் கிடக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கூற விழைவது.

துண்டுப் பிரசுரத்தின் இலக்கணம்

பேராதனையில் என்னோடு தமிழ் பயின்ற நண்பர் ஒருவர் இப்பொழுது கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். பாடசாலை விடுமுறையில் அவர் தம் குடும்பத்துடன் இரத்தோட்டைக்கு மேலே உள்ள மலைத்தொடரில், முன்னாளில் தோட்டத்துரை வாழ்ந்த பங்களா ஒன்றை இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தார். அண்மையில் இருப்பவன் என்ற முறையில் என்னையும் அழைத்தார். தோட்டப் பங்களாக்கள் பல இந்நாளில் இவ்வாறு விடுமுறை இல்லங்களாகியுள்ளன. ஓரிரவுத் தங்கலுக்கு அங்கே கேட்கும் பணம், கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் பல நாட் கூலி.

வீடு அழகானது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அகன்ற விறாந்தையும், உயர்ந்த சாளரங்களும், காலடியில் இதமாக ஒலிக்கும் மரத்தளமும், சுவரோடு அமைந்த கணப்பும், புல்வெளியைச் சூழ்ந்த ரோசாப் பாத்திகளும் மனத்தைக் கவர்ந்தன. மாலையில் நக்கிள்ஸ் மலைகளிலிருந்து மூடுபனி இறங்கி, தேயிலைச் சரிவுகளை ஒவ்வொன்றாக மறைத்தது. லயத்துக் காம்பராவில் பிறந்த என் பாட்டனார் இந்த விறாந்தையில் ஒருமுறையேனும் அமர்ந்திருப்பாரா என்ற எண்ணம் எனக்கு வந்ததென்றால், அது சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் வந்தது.

அறையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. ஆங்கிலத்திலிருந்த அதன் சாரம் இது: ‘இவ்வில்லம் நூறாண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. சுற்றியுள்ள காடு வெட்டப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. பழமை குன்றாமல் இன்றும் பேணப்படுகிறது. உணவு இங்கேயே சமைக்கப்படுகிறது. காலைத் தேநீர் படுக்கைக்கே கொண்டுவரப்படும்.’

இலக்கணம் கற்பிப்பவன் கண்ணில் முதலிற் பட்டது வினைமுற்றுகளே. கட்டப்பட்டது, வெட்டப்பட்டது, நடப்பட்டது, பேணப்படுகிறது, சமைக்கப்படுகிறது, கொண்டுவரப்படும். எல்லாம் செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினையில் வினைமுதல் ‘ஆல்’ உருபு ஏற்று நிற்க வேண்டும்: இன்னாரால் கட்டப்பட்டது, இன்னாரால் நடப்பட்டது. ஆறு வினைகளில் ஒன்றிலேனும் அந்த ‘இன்னாரால்’ இல்லை. வீடு தானே எழுந்தது. காடு தானே வீழ்ந்தது. சோறு தானே வெந்தது என்று கொள்ள வேண்டியதுதான்.

விறாந்தையில் மாட்டியிருந்த சட்டமொன்றில் வினைமுதல் ஒருவர் இருந்தார். இன்ன துரை இவ்வீட்டைக் கட்டினார் என்று அதில் எழுதியிருந்தது. நம் இலக்கணகாரர் கருத்தாவை இருவகையாகப் பிரித்துக் காட்டுவதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவுதற் கருத்தா. தச்சன் கோயில் கட்டினான் என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. இரண்டு வாக்கியங்களும் இலக்கணப்படி சரியானவை. ஆயின் வரலாறு என்ற பெயரில் நம் கைக்கு வருவன பெரும்பாலும் முதல் வாக்கியங்களே. இரண்டாவது வாக்கியத்தை எழுதுவோர் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வாக்கியம் அவ்வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் கேட்டு நான் குசினிப் பக்கம் போனேன். பீங்கான் கழுவிக்கொண்டிருந்த முதியவர் பதறி நிமிர்ந்தார்.

“சேர், நீங்க ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க? கூப்பிட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே.”

“இருக்கட்டும் ஐயா. நீங்க எவ்வளவு காலமா இங்கே இருக்கிறீங்க?”

“நான் முப்பது வருஷம், சேர். எனக்கு முன்ன எங்கப்பா. அவருக்கு முன்ன அவரோட மாமா. தொரமார் மாறினாங்க, கம்பனி மாறிச்சு. குசினி மாறல்ல.”

வீடு எங்கே என்று கேட்டேன். கீழே முடக்குக்கு அப்பால் ஒரு லயத்தைக் காட்டினார். இரண்டு காம்பரா, அவரும் மனைவியும், மகனும் மருமகளும், மூன்று பிள்ளைகளும். “பங்களா கட்டின அதே காலத்துலதான் எங்க லயத்தையும் கட்டினதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என் உறக்கத்தைக் கெடுத்தது. ஒரே காலத்தில் ஒரே மலையின் கல்லைக் கொண்டு எழும்பிய இரண்டு கட்டடங்கள். ஒன்றின் முதுமை மரபுரிமையென்று விலை பெறுகிறது. மற்றதன் முதுமை மழைக்கு ஒழுகுகிறது. ‘பழமை வாய்ந்த இல்லம்’ என்ற என் தலைப்பு அந்த லயத்துக்கும் பொருந்தும் என்பது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கரையிலிருந்து மலைக்கு

விடுபட்ட ‘இன்னாரால்’ என்ற சொல்லைத் தேடிப் போனால் மாத்தளையின் வரலாறு முழுவதும் எழுந்து வரும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனை நிலமும் அரசுக்குரியவை என்று கொண்டது. வழிவழியாகச் சேனை செய்துவந்த கண்டிக் குடியானவனிடம் பத்திரம் ஏது? அவ்வாறு அரசுடைமையான நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் போன்ற அற்ப விலைக்குக் கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று. அந்நாளைய அரச அதிகாரிகள் பலரும் தோட்டக்காரராய் இருந்தனர்.

1848இல் ஆளுநர் டொரிங்டனின் அரசு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தது. வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பும் கேட்டது. அவ்வாண்டு யூலை இறுதியில் கிளர்ச்சியாளர் தம்புள்ளையிலிருந்து வந்து மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர். ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவை ஆங்கிலேயர் கண்டியில் சுட்டுக் கொன்றனர்.

நிலமிழந்த சிங்களக் குடியானவன் அந்த நிலத்திலேயே கூலியாக நிற்க மறுத்தான். ஆகவே தோட்டக்காரர் தென்னிந்தியாவின் பஞ்சக் கிராமங்களை நாடினர். இராமநாதபுரக் கரையில் தோணி ஏறியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். மாத்தளை அவர்களுக்கு மலைநாட்டின் வாசல். சிங்களக் கிராமத்தவனின் நிலமும் தமிழ்க் கூலியின் உடலுழைப்பும் ஒரே கையால் அபகரிக்கப்பட்டன என்பதை இந்த மாவட்டத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இவ்விரு துயரங்களையும் ஒன்றுக்கொன்று பகையாக்கிப் பேசுவோர் அந்தக் கையைக் காணாமற் செய்கிறார்கள்.

என் மாணவர்கள் ஆசையோடு எழுதிய கடற்கரை இல்லத்துக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. மன்னாருக்குத் தெற்கே அரிப்பில், முதலாவது ஆங்கில ஆளுநரான பிரடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலைப் பார்த்து ஒரு மாளிகை எழுப்புவித்தார். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்கான இல்லம் அது. இன்று அதன் இடிபாடுகளைக் கடல் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கிறது. கடலுக்குள் மூழ்கி முத்தெடுத்தவன் வசித்த குடிசை எங்கே இருந்தது என்று காட்ட ஓர் இடிபாடும் இல்லை. கரையில் ஒரு மாளிகை, மலையில் ஒரு பங்களா. இரண்டுக்கும் இடையே ஒரு நடைவழி. 2023 யூலை இறுதியில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து அந்த வழியே மீண்டும் நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தனர். இருநூறு ஆண்டு நினைவாக நடந்த அந்த நடைபயணமும் ஒருவகையில் விடுபட்ட வினைமுதலைச் சேர்த்து எழுதிய வாக்கியமே.

1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது; தேயிலை வந்தது. பருவத்துக்கு வந்து திரும்பிய கோப்பிக் கூலியின் இடத்தில், ஆண்டு முழுவதும் வேலைசெய்யும் குடும்பம் வேண்டியதாயிற்று. லயம் நிலையான வாழிடமாயிற்று. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, பொதுவான பீலி. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. முதியவர் குசினியில் நின்று ஒரு மூச்சிற் சொன்ன வரலாறு இதுவே.

முன்னோர் வீட்டை வருணித்த முறை

உறையுளை வருணிப்பது தமிழில் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. ஆற்றுப்படை நூல்கள் ஒருவகையில் வழிப்பயணிக்கு எழுதிய கையேடுகளே. எவ்வழியே போவது, எங்கே தங்குவது, என்ன உணவு கிடைக்கும் என்று அவை கூறுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். எயினர் குடிசை, ஆயர் குடியிருப்பு, உழவர் இல்லம், பார்ப்பார் மனை, நெய்தற் பட்டினம் என்று வழிநெடுகிலும் வீடுகள் வருகின்றன. ஒவ்வொரு வீட்டையும் அங்கு வாழ்வோரின் தொழிலோடு சேர்த்தே புலவர் காட்டுகிறார். கூரை என்ன, முற்றத்தில் என்ன கருவி கிடக்கிறது, அடுப்பில் என்ன வேகிறது என்ற செய்திகளே அங்கு வருணனையாகின்றன. தொழிலை நீக்கிவிட்டால் அவ்வருணனையில் எஞ்சுவது எதுவுமில்லை.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய வீட்டின் அடுக்களைக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறார். பசித்த நாய் குட்டியீன்று கிடக்கும் அடுக்களை. குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டால் நாணமென்று வாயிற்கதவை அடைத்துச் சுற்றத்துக்குப் பகிரும் பெண். வாயில் ஏன் அடைபட்டது என்று கூறும் வருணனை அது. நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனையைப் பாடுகிறது. அங்கும் நூலறிந்த கட்டடக் கலைஞர் நூல் பிடித்துத் திசை பார்த்து மனை வகுக்கும் காட்சி முதலில் வருகிறது. பிறகே அரண்மனை வருகிறது. இயற்றுதற் கருத்தாவை நக்கீரர் மறக்கவில்லை.

இதனால் சங்கப் புலவர் யாவரும் உழைப்பாளர் பக்கம் நின்றனர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. அவர்கள் மன்னரையும் வள்ளல்களையும் பாடிப் பரிசில் பெற்றவர்கள். அவர்களின் சமுதாயம் ஏற்றத்தாழ்வு மலிந்தது. ஆயினும் வீடு என்பது உழைப்பின் விளைவு என்ற எளிய உண்மை அவர்கள் கண்ணுக்கு மறையவில்லை. அந்த உண்மை மறைந்தது பிற்காலத்தில்தான். வாழ்வோரும் உழைப்போரும் இல்லாத வெறுங் காட்சியாக வீட்டைக் காண்பதற்கு, வாடகைக்கு வந்து இரண்டு நாளிற் போய்விடும் விருந்தினன் ஒருவன் தோன்ற வேண்டியிருந்தது. மாதிரிக் கட்டுரையின் கடற்கரை இல்லம் அவனுடைய இலக்கியம்.

மலையக இலக்கியமும் பங்களாவும்

நமது நவீன இலக்கியம் இதற்கு மறுமொழி கூறியிருக்கிறதா என்று கேட்கலாம். கூறியிருக்கிறது. 1935இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் பக்கம் தமிழ்ச் சிறுகதையின் முகத்தைத் திருப்பியது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திற் பிறந்தவரின் குரலிலேயே எழுதினார். அவருடைய ஆங்கிலக் கவிதையைச் சக்தீ அ. பாலஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். அவருடைய நாவலின் பெயர் ‘வீடற்றவன்’. வேலை போனால் கூரையும் போகும் என்ற தோட்ட நியதியை அறிந்தவர்க்கு அப்பெயரே போதும். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) கடல் கடந்து வந்த குடும்பத்தைத் தலைமுறைகளினூடே தொடர்கிறது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்க வேண்டியதன் அவலத்தை எடுத்துக்கொண்ட சிறுகதை. இடம் என்பது மானம் என்பதை அதைப் படித்தவர் மறக்க மாட்டார். எங்கள் மாத்தளை மண்ணும் மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு ஆகியோரைத் தந்திருக்கிறது.

இவர்கள் நமக்கு லயத்தைத் தந்தார்கள். துண்டுப் பிரசுரம் மறைத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் சாதனையை ஒப்புக்கொண்ட பின்னர் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் பங்களா பெரும்பாலும் தூரத்திலேயே நிற்கிறது. மேட்டில் வெள்ளையாகத் தெரியும் ஒரு கட்டடம். அதன் படியில் தொப்பியுடன் துரை. கீழே கைகட்டி நிற்கும் தொழிலாளி. கதை அப்படியோடு நின்றுவிடுகிறது. கொழுந்து பறிப்பவரையும் கவ்வாத்து வெட்டுபவரையும் கங்காணியையும் கணக்குப்பிள்ளையையும் நாம் முழு மனிதராக அறிவோம். பங்களாவுக்குள் வாழ்நாளைக் கழித்த அப்புவை, ஆயாவை, தோட்டக்காரனை அவ்வாறு அறிவோமா? நான் படித்த அளவில் அவர்கள் தேநீர்த் தட்டோடு வந்து மறைபவர்களே. சில வேளைகளில் துரையின் ஒற்றராகவும் லயத்துக்குத் துரோகியாகவும் வருகிறார்கள்.

இது தற்செயலானதன்று. பங்களா பகைவனின் கோட்டை என்று நாம் கருதினோம், கருதியது நியாயமே. ஆயின் அந்தக் கோட்டையை எழுதும் உரிமையையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தோம். விளைவு என்ன? இன்று துரை இல்லை, வீடு இருக்கிறது. அதன் கதையைத் துண்டுப் பிரசுரம் எழுதுகிறது. அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் தூக்கியவன், ஒவ்வொரு ரோசாவுக்கும் நீர் வார்த்தவன், ஒவ்வொரு கணப்புக்கும் விறகு பிளந்தவன் நம்மவன். வீட்டின் அழகு அவன் கைவேலை. அழகைத் துரையிடம் விட்டுவிட்டு அவலத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால், உழைப்பாளியின் சொத்திற் பாதியை நாமே தாரைவார்த்தவர் ஆவோம்.

பங்களாவில் இருந்தவன் பங்களாவின் கண்ணாலேதான் பார்ப்பான் என்று இயந்திர ரீதியாகச் சொல்லிவிடவும் முடியாது. லெனாட் வூல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். கடலோரத்து அரச இல்லத்தில் வாழ்ந்து, வரியும் தண்டமும் விதித்த அதிகாரி. ஆனால் அவர் 1913இல் வெளியிட்ட ‘காட்டிலொரு கிராமம்’ என்ற பொருள்படும் ஆங்கில நாவல் தம் இல்லத்தைப் பற்றியதன்று. அதிகாரிகளாலும் கடன்காரராலும் நசுங்கி அழியும் ஒரு சிங்களக் கிராமத்தைப் பற்றியது. இருந்த இடத்தை விட, நோக்கிய திசையே அங்கு முக்கியமாயிற்று. அதிகாரிக்கு இது முடிந்ததென்றால், குசினி வாசலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏன் முடியாது? முடிந்தது என்பதற்கு ஒன்றரைப் பக்கச் சான்று என் மேசையிலேயே கிடந்தது. நான்தான் அதற்கு எட்டுப் புள்ளி இட்டேன்.

ஓர் ஆட்சேபம்

கொழும்பு நண்பரிடம் இதையெல்லாம் மறுநாட் காலை சொன்னபோது அவர் வருந்தினார். “ஓய்வுக்கு வந்த இடத்திலும் வர்க்கப் போராட்டமா? அப்படியானால் இந்த வீடுகளை இடித்துவிடலாமா? இவை இயங்குவதால் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறதல்லவா?” என்று கேட்டார். நண்பர் நல்லவர், அவர் கேள்வியும் நியாயமானது.

வீட்டை இடிக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. கட்டியவரின் பேரப்பிள்ளைகள் அதை இடித்தால் இழப்பு அவர்களுக்கே. ஓய்வு கூடாதென்றும் கூறவில்லை. உழைக்கும் மனிதர் எல்லோருக்கும் ஓய்வும் அழகிய வீடும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. குசினி முதியவர் தம் பேரப்பிள்ளைகளோடு ஒருநாள் அந்த விறாந்தையில் அமர்ந்து மூடுபனி இறங்குவதைப் பார்க்க வேண்டும். வேலை கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு ஒரே குசினியில் கிடைக்கும் வேலையை மட்டும் முன்னேற்றம் என்று கூறிவிட முடியுமா?

நான் கேட்பது மிகச் சிறியது: வாக்கியத்தை நிறைவு செய்யுங்கள். துரையின் பெயர் மாட்டிய சுவரில் அப்புவின் பெயருக்கும் இடம் உண்டு. பங்களாவைப் பேணும் நாட்டில் லயத்தின் நினைவையும் பேணலாம். கம்பளைக்கு அண்மையில் பழைய லய அறைகளிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைந்திருக்கிறது. அரிவாளும் கூடையும் தப்பும் பாத்திரமும் அங்கே வரலாற்றுப் பொருள்களாக நிற்கின்றன. அதே வேளையில் வாழும் மக்களுக்கு அருங்காட்சியகம் வீடாகிவிடாது. நிலவுரிமையோடு கூடிய தனி வீடு வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் பெருமளவில் நிறைவேறாமலே நிற்கிறது. லயத்தை நினைவுச் சின்னமாக்குவதற்கு முதல் நிபந்தனை, அதில் எவரும் வாழ வேண்டியிராத நிலைமையே.

ஆசிரிய நண்பர்களுக்கு

விடைபெறும் வேளையில் விருந்தினர் குறிப்பேட்டை நீட்டினார்கள். புரட்டிப் பார்த்தேன். பல மொழிகளில் ஒரே செய்தி: அமைதி, அழகு, அருமையான உணவு, அன்பான பணியாளர். ஒருவரேனும் பெயர் எழுதவில்லை. முதியவரிடம் போய் அனுமதி கேட்டேன். கூச்சப்பட்டார், பிறகு தம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். தந்தையின் பெயரையும், தந்தையின் மாமன் பெயரையும் சொன்னார். மூன்று பெயர்களையும் தமிழில் எழுதி, ‘இவ்வில்லத்தின் அடுப்பை இவர்கள் காத்தார்கள்’ என்று செய்வினையில் எழுதிக் கையொப்பமிட்டேன். இதனால் அவர் கூலி ஒரு சதமும் உயரப்போவதில்லை என்பதை அறிவேன்.

பாடசாலை தொடங்கிய முதல் நாள், அந்த மாணவியின் கொப்பியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். எட்டை வெட்டிப் பதினாறு இட்டேன். வாக்கியப் பிழைகள் சில உண்டு. அவற்றுக்காகவே நாலு குறைந்தது. ‘தலைப்பிலிருந்து விலகியது’ என்ற என் குறிப்பையும் வெட்டினேன். விலகியது தலைப்புத்தான். வகுப்பின் முன்னிலையில் அவளுடைய சம்மதத்தோடு கட்டுரையை வாசித்து, என் மதிப்பீடு பிழையானது என்றும் கூறினேன். வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருந்தது. பின்னர் ஒரு மாணவன் எழுந்து, “சேர், எங்க லயத்தைப் பத்தியும் எழுதலாமா?” என்று கேட்டான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! இலக்கியத்தில் மக்கள் வாழ்வு வேண்டும் என்று நாம் மேடைகளிற் பேசுகிறோம். அதே கையால் வகுப்பறையில் மாதிரிக் கட்டுரைக்குப் புள்ளி இடுகிறோம். கண்டறியாத கடலை எழுதியவனுக்குப் பதினைந்து; தெரிந்த குசினியை எழுதியவளுக்கு எட்டு. தன் வாழ்வு எழுதத் தகாதது என்பதை ஒரு பிள்ளை நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. நாளைய மலையக நாவலாசிரியை அவ்வாறு எத்தனை பேர் எட்டுப் புள்ளியோடு பேனாவைக் கீழே வைத்தார்களோ!

அடுத்த தவணைக்கு நான் கொடுத்திருக்கும் தலைப்பு: ‘எங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்று: அதைக் கட்டியவர்களும் காத்தவர்களும்’. முன்வாசலால் போனவர்களும் எழுதலாம். பின்வாசலால் போனவர்களும் எழுதலாம். செயப்பாட்டுவினை வந்தால் ‘இன்னாரால்’ என்ற சொல் கட்டாயம் வர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறேன்.